நூற்று இருபத்தாறு மீட்டர்

என் வீட்டுக்காரர் பெரிய முடிவுகளையெல்லாம் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பார். வாய் நிறைய நுரை இருப்பதால், நாம் எதிர்த்து எதைக் கேட்டாலும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் அந்த முடிவு சட்டமாகிவிடும்.

அன்றும் அப்படித்தான். குழாயடியில் நின்றபடி பிரஷ்ஷை வாளைப் போல உயர்த்தினார்.

"லைசென்ஸ் எடுக்கப் போறோம்."

"என்ன லைசென்ஸ்? வண்டிக்கா?"

"சிகரெட்டுக்கு. நம்ம கடையில வச்சு விக்கிறதுக்கு."

என் கையிலிருந்த பால்புட்டி நழுவவில்லை. நழுவியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தால், மூன்று வாரமாக நான் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்னால், நான்கு மாதமாக அவர் ஒளித்து வைத்திருந்ததும் வெளியே வந்துவிடும். ஆகவே புட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மடியில் இருந்த மகள், பால் வரவில்லை என்று என் சேலையைக் கடித்தாள்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. சோப்பு, தீப்பெட்டி, பேனா, பிஸ்கெட், மெழுகுவத்தி. பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு, அதன் மேலே ஒற்றை அறை. கடை என் மாமனாருடையது. அவர் காலத்தில் சிகரெட்டும் பீடியும் அடுக்கடுக்காக இருக்குமாம். அவரும் விற்றார், விற்ற கையோடு பிடித்தார். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் பின்னறையில் படுக்கையோடு இருந்தார். தொண்டையில் வந்த நோய் பேச்சை எடுத்துக்கொண்டது. எதுவும் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் ஒரு கரண்டியால் தட்டுவார். ஒரு தட்டு தண்ணீர். இரண்டு தட்டு தலையணை. மூன்று தட்டு, பக்கத்தில் வந்து சும்மா உட்கார். கடைசி மாதம் முழுக்க மூன்று மூன்றாகத்தான் தட்டினார். அவர் போனதும் அவர் பேரில் இருந்த லைசென்ஸும் போயிற்று.

இவரும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் திடீரென்று நிறுத்தினார். "குழந்தைக்காக" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள், மாடி அறையில் பகலில் நான் பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சாக்குக்கட்டிகளைப் போட்டுவைக்க ஒரு டப்பா தேடினேன். கடையின் மேல் தட்டில் ஒரு பெரிய பிஸ்கெட் டின் இருந்தது. அந்த பிஸ்கெட் வருவது நின்று வருஷக்கணக்காகிறது. மூடியைத் திறந்தேன். உள்ளே பழுப்பு உறை. உறைக்குள் இவருடைய மார்பு எக்ஸ்ரே படம். படத்தோடு ஒரு காகிதம்.

டாக்டர் கையெழுத்தில் இருந்த இங்கிலீஷ் அது. இவருக்குப் படிக்க வராது என்று நினைத்து அப்படி எழுதவில்லை. டாக்டர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கான்வென்ட்டில் என்னைச் சேர்ப்பதற்காக என் அப்பா அலைந்த அலைச்சலெல்லாம், நான் வளர்ந்து அந்த ஒரு காகிதத்தைப் படிக்கத்தான் போலிருக்கிறது. இடது நுரையீரலில் ஒரு நிழல். என்னவென்று இப்போது சொல்ல முடியாது. புகையிலையை அறவே விட வேண்டும். ஆறு வாரத்தில் கட்டாயம் திரும்ப வந்து படம் எடுக்க வேண்டும்.

ஆறு வாரம் எப்போதோ தாண்டியிருந்தது. இவர் போகவில்லை. போனால் நிழலுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயம். எனக்கும் அதே பயம்தான். அவர் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இரண்டு கோழைகள் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருவர் இருமலை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால் இருமியது அவர். எண்ணியது நான்.

இப்படிப்பட்ட மனிதர்தான் பிரஷ்ஷோடு நின்று சிகரெட் லைசென்ஸ் என்கிறார்.

"இப்போ எதுக்குங்க அது?"

கொப்பளித்தார். "சிகரெட் இல்லாத கடைக்கு யாரு வரா? ஒரு பாக்கெட் கேக்குறான், இல்லைன்னா தலையை ஆட்டிட்டு அடுத்த தெருவுக்குப் போறான். தீப்பெட்டியைக்கூட அங்கயே வாங்கிக்கிறான்."

"நீங்கதான் விட்டுட்டீங்களே. கண்ணு முன்னால அடுக்கி வச்சிட்டா..."

"விக்கிறது வேற, பிடிக்கிறது வேற. மருந்துக் கடைக்காரன் எல்லா மாத்திரையையும் எடுத்து முழுங்குறானா?"

உங்கள் அப்பா முழுங்கினாரே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை நான் முழுங்கினேன்.

மத்தியானமே விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. நான்கு பக்கம். கடைப் பலகைமேல் விரித்து, பேனாவை என் கையில் திணித்தார்.

"கான்வென்ட்டு, எழுது."

"விண்ணப்பதாரர் பெயர்னு இருக்கு."

"உன் பேரை எழுது."

"என் பேரா? சிகரெட் விக்கப்போறது நானா?"

"எனக்கு ஒரு தடவை போட்ட கையெழுத்து மறு தடவை வராதும்மா. பேங்க்லயே ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டான். உன் கையெழுத்து அச்சு மாதிரி நிக்கும்."

அது உண்மைதான். அவர் கையெழுத்து ஒருநாள் பல்லியாகவும் ஒருநாள் பல்லியின் அறுந்த வாலாகவும் இருக்கும். அதனால் நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"விற்பனையில் முன் அனுபவம் உண்டா?"

"உண்டுன்னு போடு."

"எனக்கு ஏதுங்க?"

"ஏன், கல்யாணமான நாள்லேர்ந்து என் மானத்தைத் தையல்காரம்மாகிட்ட வித்துக்கிட்டுதானே இருக்கே."

"அது சும்மா குடுக்கிறது. அதுக்கு லைசென்ஸ் வேணாம்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சோப்பு அடுக்குவதுபோல அடுக்கினார். நான் அடுத்த கட்டத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒன்பதாவது கட்டம்: அருகிலுள்ள கல்வி நிலையத்திலிருந்து கடையின் தூரம். அடியில் சின்ன எழுத்தில்: நூறு மீட்டருக்குள் இருந்தால் அனுமதி இல்லை.

"பெரிய ஸ்கூல் நமக்கு எவ்வளவு தூரம்ங்க?"

அவ்வளவுதான் கேட்டேன். மறுநாள் காலை தையல்காரம்மாவின் அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். ஒன்றரை மீட்டர் நாடா. கடை வாசலில் தொடங்கி, நாடாவை நீட்டி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தவழ்ந்து, மறுபடி நீட்டி. போகிறவர் வருகிறவரெல்லாம் மோதிரம் தொலைந்துவிட்டதோ என்று தாங்களும் குனிந்து தேடினார்கள்.

தையல்காரம்மா தன் ஜன்னலிலிருந்து கத்தினார்: "ஏன்டாப்பா, ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"அளவு எடுத்துட்டு வரேன், நீங்களே தைச்சுக் குடுங்க!"

"கழுத்து அகலமா வைக்கவா? பார்த்துடா, பின்னால லாரி வருது, உன்னைக் கத்தரிச்சிடப் போவுது!"

நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஐம்பதாவது கோட்டில் நின்றுவிட்டார். தெரு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். ஐம்பது முறை குனிந்து நிமிர்ந்ததற்கு இப்படி மூச்சு வாங்குமா? அவருக்கு முப்பத்து நான்கு வயது. என் இடுப்பிலிருந்த மகள் அப்பாவைப் பார்த்துக் கை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை. பிறகு எழுந்து மிச்சத்தையும் அளந்து முடித்தார். எண்பத்து நான்கு நாடா.

"நூத்தி இருபத்தாறு மீட்டர்!" பெரிய மலையில் கொடி நட்டவர்போல வந்து நின்றார். "இருபத்தாறு மீட்டர் உபரி! எழுதும்மா!"

எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைய தேதிக்கு அது உண்மை.

விண்ணப்பதாரரே நேரில் வந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. நான்தான் விண்ணப்பதாரர். குழந்தையோடு ஆபீசுக்குப் போனேன். நான் வேண்டாம் என்றால் வீட்டில் சண்டை வரும். இவர் தன் பேரிலேயே எழுதிக்கொண்டு போய்விடுவார். ஆபீஸ் வேண்டாம் என்றால் யாரோடு சண்டை போடுவார்? இதை யோசித்துக்கொண்டே வரிசையில் நின்றேன். பக்கத்துக் கவுன்ட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: மழலையர் பள்ளிப் பதிவுப் படிவங்கள் இங்கே கிடைக்கும்.

மாடியில் நான் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள். என் மகளோடு நான்கு. பதிவுக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். தையல்காரம்மாவிடம் கேட்டேன். அவர் தன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார்.

"கடிப்பா. பரவால்லையா?"

"ஐந்தாவது பிள்ளைங்கம்மா. குதறினாலும் பரவால்லை."

கட்டட உரிமையாளர் சம்மதம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை நான் மறைத்துக் கையெழுத்து வாங்கவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இவரிடம் நேராகவே சொன்னேன்.

"மாடியில பசங்களைப் பாத்துக்கிறேனே, அதை முறையா பதிவு பண்ணிக்கட்டுமா? நீங்க மூணாம் பக்கத்துல கையெழுத்து போடணும். படிச்சுப் பாருங்க."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்புறம் நான் எதுக்கு?" பல்லியை இறக்கினார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுவும் உன் பேர்லதானே?"

"ஆமா."

"நல்லது. ரொம்ப நல்லது." கண் பளபளத்தது. இத்தனை சந்தோஷம் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "கீழ கடை, மேல ஸ்கூல். போர்டு நான் எழுதறேன்."

எழுதினார். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ஓரத்தில் ஒரு வாத்து வரைந்தார். அது வாத்து என்று அவர் வாயால் சொன்ன பிறகும் நம்பக் கஷ்டமாக இருந்தது. தொப்பி வைத்த போலீஸ்காரர் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஏணி போட்டுத் தன் கடைப் பலகைக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார்.

கீழே லைசென்ஸுக்காக மூடு கதவு வைத்த தட்டு ஒன்றும் தயார் செய்தார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்று அட்டையும் எழுதித் தொங்கவிட்டார். இவ்வளவு ஆர்வமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அடித்த ஒவ்வொரு ஆணியையும் மாடியிலிருந்து எண்ணினேன். அவர் தூங்கும்போது சட்டைப் பையை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான்.

பூர்த்தி செய்த பள்ளிப் படிவத்தோடு நான் மறுபடி ஆபீசுக்குப் போனபோது கவுன்ட்டர் அம்மா முகவரியைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"புகையிலை விண்ணப்பமும் இதே வீடுதானே?"

"ஆமாங்க. அது கீழ. இது மேல."

என் இடுப்பில் குழந்தை. என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. கொஞ்ச நேரம் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எது முதல்ல வரணும்?"

"மேல இருக்கிறதுங்க."

டப்பென்று குத்தினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளிப் பதிவு வந்து எட்டாம் நாள் லைசென்ஸ் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கையில் இரும்பு டேப். இவர் கடையைத் துடைத்து, தலை வாரி, மணவறை மாப்பிள்ளைபோல நின்றிருந்தார். தட்டைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். அட்டையைக் காட்டினார்.

"பக்கத்துல கல்வி நிலையம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவர் இத்தனை நாள் காத்திருந்தார். "நூத்தி இருபத்தாறு மீட்டர் சார்! வேணும்னா நீங்களே அளந்து பாருங்க. கோடுகூட ரோட்டுல இன்னும் அழியலை."

அந்த நேரம் பார்த்து மாடியில் பிள்ளைகளின் குரல்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓதின. நாலுக்குப் பதில் ஓர் அலறல் வந்தது. தையல்காரம்மா பேத்தி யாரையோ கடித்திருந்தாள்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். மஞ்சள் பலகை. சிவப்பு எழுத்து. வாத்து.

"அது என்ன?"

"நம்ம வீட்டம்மா ஸ்கூல் சார்!" இவர் மார்பு விரிந்தது. "முறையா பதிவு பண்ணது. போர்டு நான் எழுதினது. வாத்துகூட நான்தான்."

அதிகாரி வாத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். டேப்பின் முனையைக் கடை வாசலில் வைத்து, படிக்கட்டு வாசல்வரை இழுத்தார். டேப் பாதிகூட வெளியே வரவில்லை.

"ரெண்டு மீட்டர் நாப்பது" என்று எழுதிக்கொண்டார்.

இவர் வாய் திறந்தபடி இருந்தது. இப்போது நுரைகூட இல்லை.

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்கு நான் தயாராக இருந்தேன். நான்கு பதில்கள் வைத்திருந்தேன். அவர் பதினெட்டு வயது அட்டையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு படிக்கட்டின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்தார். நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன். குழந்தை எங்கள் நடுவே ஏறி இறங்கினாள்.

"தெரிஞ்சுதானே பண்ணினே?"

"ஆமா."

"ஏன்?"

"மறுபடி பிடிச்சிடுவீங்கன்னு பயம்."

"எனக்காகன்னு நினைச்சியா? உன் பேர்ல எதுக்கு எழுதச் சொன்னேன்? கையெழுத்துக்கா? லைசென்ஸ் உன் பேர்ல இருந்தா கடை நிக்கும். எங்கப்பா போனப்போ லைசென்ஸும் சேர்ந்து போச்சே, நாம ரெண்டு பேரும் என்ன பாடு பட்டோம்... உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு பார்த்தேன். நான்..."

அவர் சிகரெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தேடுகிறார் என்று நான் நினைத்தேன். அவரோ, தான் இல்லாத ஒரு வீட்டுக்குத் தட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு ஆணியும் அதற்குத்தான்.

குழந்தை கையிலிருந்த கட்டையால் படியில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். அவர் ஒரு படி மேலே ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போகட்டும்" என்றார். "லைசென்ஸ் இல்லன்னாலும் உனக்கு ஸ்கூல் இருக்கு. அது போதும். அது நிக்கணும்."

"நிக்காதுங்க."

"ஏன்?"

மூன்றாம் பக்கத்தின் நகலை எடுத்து நீட்டினேன். "நீங்க கையெழுத்து போட்ட பக்கம்தான். பள்ளி நடக்கிற கட்டடத்துல குடியிருக்கிற பெரியவங்க எல்லாரும் மார்புப் படம் எடுத்து டாக்டர் சான்றிதழ் தரணும். பதிவாகி ஒரு மாசத்துக்குள்ள. இல்லன்னா ரத்து."

காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்." இருமினார். "நான் வெளியூர்ல இருக்கேன்னு எழுதிடேன்."

"பொய் எழுத மாட்டேன்."

"உங்க சிஸ்டர் நல்லா கெடுத்து வச்சிருக்காங்க உன்னை."

"நாளைக்கு எனக்கும் படம் எடுக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். எனக்குத் தனியா போகப் பயமா இருக்கு."

அது பொய்யல்ல. அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில், முன்பு சிகரெட் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது எதையும் அறிவிக்கவில்லை. சவரம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மூடு கதவுத் தட்டில் பிள்ளைகளின் செருப்புகளுக்கு இடம் பிரித்து வைத்தார். தையல்காரம்மாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் இறங்கினேன். இவர் மட்டும் கடைக்குள்ளேயே நின்றார். மேல் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"நீ முன்னால நடம்மா. நான் கடையைப் பூட்டிட்டு வந்துடறேன்."

"சரிங்க. அந்த பிஸ்கெட் டின்னை எடுத்துக்கிட்டுப் பூட்டுங்க."

அவர் கை பூட்டிலேயே நின்றது. "எந்த... டின்னு?"

"மேல் தட்டுல இருக்கே, அதுதான். பழைய படத்தைக் கேப்பாங்க. மடங்காம இருக்கட்டும்னு உள்ள அட்டை வச்சிருக்கேன்."